கசிவுநீர்க் குழாயில் வளைவும் இடைவெளியும் எதற்கு?

சென்ற கோடையில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். அறுவைச் சிகிச்சை அறைக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரம் மேற்கூரைக்கடியில் அமைக்கப்பட்டிருந்தது. அதன் கீழுள்ள பலகையினின்று நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்கடை நாற்றமும் வீசிற்று. சரிவு போதாது என்று எண்ணி ஒப்பந்தக்காரர் இருமுறை குழாயை மாற்றியிருந்தார்; பயனில்லை. குற்றம் சரிவில் இல்லை. குளிர்சாதன வசதியுள்ள கட்டடங்கள் ஊராட்சிகளின் பொறுப்பிலும் வந்துகொண்டிருக்கும் இந்நாளில், உறுப்பினர்கள் இச்செய்தியை அறிந்திருத்தல் நலம்.

செம்பில் குளிர்ந்த நீரை வைத்தால் அதன் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதை நாம் காண்கிறோம். காற்றிலுள்ள ஈரமே அவ்வாறு திரள்கிறது. குளிர்சாதன இயந்திரத்தின் குளிர்ந்த குழாய்ச் சுருள்களிலும் இதுவே நிகழ்கின்றது. அந்நீர் கீழேயுள்ள தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியேற வேண்டும். ஆனால் பெரிய இயந்திரங்கள் பலவற்றில் விசிறியானது சுருளுக்கு அப்பால் இருந்து காற்றை உறிஞ்சுகின்றது. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவதைப் போன்றே, வெளியேற்றும் குழாயின் வழியாகவும் காற்று உள்ளே பாய்கின்றது. மேலேறும் காற்று இறங்கும் நீரைத் தடுத்து நிறுத்தும். தட்டு நிரம்பி வழியும்; கூரை நனையும்.

இதற்குப் பரிகாரம், குழாய்த் தொழிலாளர் 'டிராப்' என்று கூறும் வளைவு. நம் கிராமங்களில் கட்டப்பட்ட நீரடைப்புக் கழிப்பறைகளில் பீங்கானுக்குக் கீழே 20 மி.மீ. நீர் நின்று நாற்றத்தைத் தடுப்பதை யாவரும் அறிவர். இங்கும் வளைவில் தேங்கிய நீரே கதவாக நின்று காற்றை மறிக்கின்றது. ஆயின் ஆழம் உறிஞ்சும் வலிமைக்கேற்ப இருத்தல் வேண்டும். விசிறியின் இழுப்பு 25 மி.மீ. நீரை உயர்த்தவல்லதாயின், வளைவின் வெளிவாய் தட்டின் வாயைவிட 50 மி.மீ. தாழ்ந்தும், அவ்வெளிவாய்க்குக் கீழே மேலும் 25 மி.மீ. நீர் நிற்கும்படியும் அமைப்பது வழக்கம். கைக்கு வந்தபடி வளைத்த குழாய் வளைவாகாது.

நாம் பார்த்த கட்டடத்தில் வளைவே இல்லை. அதனினும் கொடியது, குழாயின் முனையைக் கழிவுநீர்க் குழாய்க்குள் செருகிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். விசிறி சுழலுந்தோறும் கழிவுக்குழாயின் காற்றை இழுத்து, நோயாளியின் மேல் வீசிக்கொண்டிருந்தது!

வளைவு இருந்தால் இது நேராதே என்று கேட்கலாம். குளிர்காலத்தில் இயந்திரம் ஓடாதபோது புதுநீர் வாராது. நின்ற நீரும் வற்றிப்போகும். கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டாலோ அழுக்கு நீர் பின்னோக்கி ஏறும். ஆதலின் குழாயின் முனை எதையும் தொடாமல், திறந்த வாயுடைய ஒரு புனலுக்கு மேலே நிற்க வேண்டும். இதுவே காற்று இடைவெளி. குழாயின் உள்விட்டத்தைப்போல் இருமடங்கு, எவ்வாறாயினும் 25 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நன்று. அப்பொழுது அடைப்பு நேர்ந்தாலும் அழுக்கு தரையில் வழியுமேயன்றித் தட்டிற்கு ஏறாது. தரையில் வழிவது கண்ணுக்குத் தெரியும் என்பதும் ஒரு நன்மை.

விவசாயப் பெருமக்களுக்கு இது புறம்பான செய்தியன்று. மாட்டுத் தொட்டியில் ரப்பர்க் குழாயின் முனையை மூழ்கவிட்டுப் போவது நம்மிடையே சாதாரணம். மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடிக் குழாய் காலியாகும்போது, தொட்டி நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும். 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், தங்கும் விடுதிகளின் குழாய்களில் கழிவு இவ்விதம் குடிநீருடன் கலந்தமையால் பரவிய சீதபேதிக்கு 98 பேர் பலியாயினர். குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிற்குமாறு கட்டிவைத்தல் எவ்வளவு எளிது!

பராமரிப்பும் அதிகமில்லை. கோடை தொடங்கும் முன்னர் வளைவில் ஒரு செம்பு நீர் வார்க்க வேண்டும். அதில் வழுவழுப்பான பாசி படியுமாதலால், கழற்றித் துடைக்க ஒரு மூடியும் தேவை. வெளிவரும் நீரைக் குடிக்கலாகாது, மரத்திற்குப் பாய்ச்சலாம்.

வேலையை ஏற்றுக்கொள்ளும் நாளில் தட்டில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். நின்றிருக்கும்போது ஊற்றினால் எந்தக் குழாயிலும் நீர் நன்றாகவே ஓடும்.