ஜமக்காளத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குவோம்

ஆவணி, தை மாதங்கள் வந்துவிட்டால் நம் சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்யாணச் சாமான் விற்பனை சூடு பிடித்துவிடும். பாத்திரக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் மட்டுமல்ல, பலசரக்குக் கடைகளிலும் ஓரமாகப் பத்துப் பாயும் நாலு ஜமக்காளமும் சுருட்டி நிறுத்தியிருப்பதைப் பார்க்கிறோம். பெண் வீட்டுச் சீர் வரிசையில் பாய், தலையணை, ஜமக்காளம் மூன்றும் இல்லாமல் இன்றும் நம் பக்கம் பட்டியல் முடிவதில்லை.

ஆனால் அந்தச் சுருளைக் காட்டி, "அண்ணாச்சி, இது பவானிதானே? கைத்தறிதானே?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்? "மொத்தக் கடையில் அப்படித்தான் சொன்னார்கள்" என்பது பதில் ஆகாது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லும் நாம், விரிப்பையும் அதேபோல் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். அது பெரிய வித்தை அல்ல.

பவானி வந்த கதை

நம் பக்கத்துப் பெரியவர்கள் சமுக்காளம் என்பார்கள். கடைப் பலகையில் ஜமக்காளம் என்று எழுதுகிறோம். இரண்டும் ஒன்றே. இதற்குப் பெயர் பெற்ற ஊர் ஈரோடு மாவட்டத்தில் பவானி ஆறும் காவிரியும் கூடும் பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மில் துணிகள் வந்து குவிந்தபோது நம் நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. மில்லோடு போட்டி போட முடியாத மெல்லிய துணியை விட்டுவிட்டு, முரட்டுச் சாய நூலில் பட்டை பட்டையாகக் கனத்த விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள், ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார். அதுவே பவானி ஜமக்காளம்.

இதில் இரண்டு வகை உண்டு. முரட்டுப் பருத்தி நூலில் வண்ணப் பட்டைகள் மட்டும் வருவது ஒன்று. முரட்டு நூலில் நுணுக்கமான பூ வேலை எடுபடாது. ஆகவே செயற்கைப் பட்டு நூலைச் சேர்த்துக் கரையில் பூவும் உருவமும் வைத்து நெய்வது இரண்டாவது. வாடிக்கையாளர் "பட்டு ஜமக்காளம்" என்று கேட்டால் அது மல்பெரிப் பட்டு அல்ல, செயற்கைப் பட்டு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த நூல் ஈரத்தில் வலுக் குறையும். அடிக்கடி துவைக்கும் வீட்டுக்கு முதல் வகையே ஏற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும். முதலில் 22 ரகங்கள் இருந்தன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றில் ஜமக்காளமும் உண்டு. இச்சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்தால் தண்டனை உண்டு.

அடுத்து, பவானி ஜமக்காளம் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த இடத்தில்தான் கடைக்காரராகிய நாம் கவனிக்க வேண்டும். ஒதுக்கீட்டுச் சட்டம் நெய்பவரைப் பிடிக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டமோ பொய்ப் பெயர் ஒட்டிய சரக்கை விற்பவரையும் பிடிக்கிறது. விற்றவர், "நான் நியாயமான கவனத்தோடுதான் வாங்கினேன், வாங்கிய இடம் இது" என்று காட்ட முடிந்தால் தப்பலாம். காட்டுவதற்கு என்ன வேண்டும்? கொள்முதல் பில் வேண்டும்! "விரிப்பு 20 உருப்படி" என்று மொட்டையாக எழுதிய பில் உதவாது. பவானி என்று சொல்லி விற்றால் பவானி, கைத்தறி என்ற இரண்டு சொல்லையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் மொத்த வியாபாரியின் சரக்கைப் பற்றி அதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை.

விசைத்தறியைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். சங்கரன்கோவிலில் தறி ஓடும் ஓசையில்தான் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. விசைத்தறி விரிப்பு மலிவு. வாங்குவதற்கும் ஆள் உண்டு. அதை விசைத்தறி என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் குற்றமே இல்லை. பவானி என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குவதே தவறு. அதில் வாடிக்கையாளர் பணம் இழக்கிறார். பவானி நெசவாளர் வேலை இழக்கிறார். கடைசியில் நம் கடை பெயர் இழக்கிறது.

கையில் எடுத்துப் பார்க்க ஆறு சோதனை

1. திருப்பிப் பாருங்கள். நெய்த ஜமக்காளத்தில் பட்டைகள் இரு புறமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு புறம் பளிச்சென்றும் மறுபுறம் மங்கலாகவும் இருந்தால் அது அச்சடித்த விரிப்பு.

2. நீளவாட்டு ஓரத்தைத் தடவுங்கள். நாடா போய்த் திரும்பும் தறியில் ஊடை நூல் ஓரத்தில் மடங்கி உள்ளே திரும்பும். ஓரம் நெடுக நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சம் போல் நின்றால் நாடா இல்லாத நவீன விசைத்தறியில் ஓடியது. எனினும் நாடா உள்ள விசைத்தறியிலும் ஓரம் மடங்கித்தான் வரும். ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

3. டேப் வைத்து அளந்து பாருங்கள். கைத்தறியில் பட்டைக்குப் பட்டை நூலிழை அளவு வித்தியாசம் இருக்கும். ஓர் இடத்தில் சற்று நெருக்கம், ஓர் இடத்தில் சற்றுத் தளர்வு. அது குறை அல்ல, மனிதன் நெய்ததற்கு அடையாளம். வித்தியாசம் விரல் அகலத்துக்குப் போனால் மட்டும் கவனக்குறைவான வேலை.

4. தராசில் போடுங்கள். நம் கடையில் தராசுக்கா பஞ்சம்? ஒரே நீள அகலமுள்ள இரண்டு விரிப்பை நிறுத்துப் பார்த்தால், ஊடையை நெருக்கி அடித்தது எது, இடைவெளி விட்டு ஒப்பேற்றியது எது என்று தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலும் சல்லடை தெரியும்.

5. ஒரு நூலைக் கொளுத்துங்கள். முனையில் தொங்கும் நூலில் ஒரு துண்டு போதும். பருத்தி காகிதம் போல் எரிந்து மிருதுவான சாம்பலாகும். செயற்கைப் பட்டும் ஏறக்குறைய அப்படியே எரியும். கம்பளி, முடி தீய்ந்த வாடை தரும். பாலியஸ்டர் போன்ற நூல் உருகிக் கெட்டியான மணியாக உறையும். "சுத்தப் பருத்தி" என்று வந்த சரக்கு மணியாக உறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

6. ஈர வெள்ளைத் துணியால் கரும் பட்டையை அழுத்தித் தேயுங்கள். சாயம் துணியில் ஏறினால் நாளை வாடிக்கையாளர் வீட்டுத் தரையிலும் வேட்டியிலும் ஏறும். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்லி விற்காதீர்கள். சரியாக ஏற்றாத சாயத்தை உப்பு நிறுத்தாது.

இவற்றோடு கைத்தறி முத்திரையையும் கவனியுங்கள். 2006 முதல் நடைமுறையில் உள்ள முத்திரை அது. பவானியின் அசல் பிடிபட வேண்டுமானால் கோ-ஆப்டெக்ஸ் கடையிலோ பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரே ஒரு உருப்படி வாங்கிக் கடையில் மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்ட கைக்கு மற்றது தானே தெரியும்.

நம் சீமைப் பாய்

விரிப்பு என்றதும் வெளியூரையே பார்க்க வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையின் பாய்க்கும் 2012-13-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையைக் காய வைத்து, ஓடும் நீரில் ஊற வைத்து, மெல்லிய ஈர்க்காகக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து நெய்கிறார்கள். கோரை எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு விலை. மிக நயமானதைப் பட்டுப் பாய் என்பார்கள். துணி போல் வளையும். மணமக்கள் பெயரை நெய்து வாங்குவது நம் மாவட்டத்துப் பழைய வழக்கம். இதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது.

கரூர், நாமக்கல், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையில் விசைத்தறிப் பாய்களும் வருகின்றன. தினசரிப் படுக்கைக்கு அவை தாராளமாகப் போதும். ஆனால் அவற்றைப் பத்தமடை என்று சொல்லக் கூடாது. அசலில் இழைகள் ஊசி போல் நெருங்கி நிற்கும். விரலை ஓட்டினால் சிலாம்பு குத்தாது.

முடிச்சுக் கம்பளம்

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சிலர் வரவேற்பறைக்குக் கம்பளம் கேட்கிறார்கள். காஷ்மீரிலும் உத்தரப் பிரதேசத்துப் பதோகியிலும் கையால் முடிச்சுப் போட்டு நெய்யப்படுகிறது. இதற்கும் பின்புறமே சாட்சி. முடிச்சுக் கம்பளத்தின் பின்புறம் முன்புறத்துப் பூ அப்படியே தெரியும்; முனைக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே வரும். பின்னால் துணி ஒட்டிப் பசை பூசியிருந்தால் அது குத்தி ஏற்றிய வகை. குஞ்சம் தனியே தைத்திருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. சதுர அங்குலத்துக்கு முடிச்சு எத்தனை என்பதை ஒட்டியே விலை. ஆகவே ஒரு அங்குலத்தை எண்ணிப் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது.

பழையது என்று வந்தால்

பழைய வீடுகளை இடிக்கும்போது மரச் சாமானோடு பழைய ஜமக்காளங்களும் விலைக்கு வருகின்றன. வெள்ளையர் காலத்தில் ஆக்ரா, லாகூர், எரவாடா போன்ற சிறைகளில் கைதிகள் நெய்த விரிப்புகளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. ஆக்ரா சிறையில் விக்டோரியா மகாராணிக்காக நெய்த பெரும் கம்பளம் இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பழசெல்லாம் அப்படிப்பட்டதல்ல.

பழையதை வாங்குமுன் மடித்த இடத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். இற்றுப்போன நூல் சத்தம் கொடுக்கும். பூஞ்சை வாடை வெயிலில் காய வைத்தும் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பளி கலந்ததில் பூச்சி அரித்த தடம் தேடுங்கள். இயல்பாகப் பழசானது, வெளிச்சம் பட்ட புறத்தில் அதிகமாகவும் அடிப்புறத்தில் குறைவாகவும் வெளுத்திருக்கும். இரு புறமும் ஒரே அளவில் வெளுத்திருந்தால் மருந்தில் முக்கிப் பழசாக்கியதாக இருக்கலாம். "மூலிகைச் சாயம், ஆகவே விலை அதிகம்" என்று சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். 1856-க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. தாத்தா காலத்து விரிப்பிலும் அவை இருக்கலாம்.

இன்னொன்று முக்கியம். நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகின்றன. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே வியாபார ஆசையில், "நூறு வருஷத்துச் சாமான்" என்று வாய் தவறியும் சொல்லி விற்காதீர்கள்.

எந்த வீட்டுக்கு எது?

குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் துவைக்கக்கூடிய பருத்தி ஜமக்காளம். வயதானவர்கள் உள்ள வீட்டில் டைல்ஸ் தரை என்றால் விரிப்பு வழுக்கும். அடியில் ரப்பர் வலை போடச் சொல்லுங்கள். வெயில் காலப் படுக்கைக்குக் கோரைப் பாயைப் போல் குளிர்ச்சி வேறில்லை. ஈரம் ஏறும் தரையில் பாயைப் பகலிலும் விரித்தே வைத்தால் கறுத்துவிடும். சுருட்டி நிறுத்த வேண்டும். ஆளுயரக் கம்பளம் சிறிய அறைக்குத் தூசி மூட்டையாகத்தான் முடியும்.

கடையில் வைப்பவர்கள் தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். மடிப்பதைவிடச் சுருட்டி வைப்பதே நல்லது. மிளகாய் மூட்டை, பெருங்காயம், எண்ணெய் டின் அருகே வைத்தால் அந்த வாடையோடுதான் சீர் வரிசைக்குப் போகும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து இடையில் வைக்கலாம். எலிக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

வணிக நண்பர்களே! ஒரு ஜமக்காளம் வீட்டில் பல ஆண்டு கிடக்கும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வாங்கிய கடையின் பெயர் அந்த வீட்டில் பேசப்படும். ஆகவே கடையில் இரண்டு அடுக்கு வையுங்கள்: கைத்தறி ஒன்று, விசைத்தறி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி அட்டையில் பெயரும் விலையும் எழுதித் தொங்கவிடுங்கள். வித்தியாசத்தைக் காட்டி, முடிவை வாடிக்கையாளரிடம் விடுங்கள். மலிவானதை வாங்கிப் போனவர்கூட அடுத்த கல்யாணத்துக்கு நம் கடை வாசலுக்கே வருவார்.