பார்த்துச் செய் என்று சொன்னால் மட்டும் போதுமா?
ஆளுக்கு ஏற்ற வேலையிடம் அமைப்போம்



நம்ம குழுக்களில் மாவு மில் நடத்துகிறோம். தையல் யூனிட் வைத்திருக்கிறோம். மசாலாப் பொடி, ஊறுகாய், கடலை மிட்டாய் போடுகிறோம். 2022-ல் தமிழ்நாட்டில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சமைக்கும் பொறுப்பு குழுப் பெண்களின் கையில்தான் வந்தது. இது போக வயல் வேலை, மாட்டு வேலை, வீட்டு வேலை எப்பவும் உண்டு.

இத்தனை வேலையில் யாருக்காவது அடிபட்டுவிட்டால் ஊரே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பார்த்துச் செஞ்சிருக்கக் கூடாதா?" அடிபட்டவளும் தலையைக் குனிந்துகொண்டு, "என் கவனக்குறைவுதாங்க" என்பாள். கையும் அவளுக்குப் போச்சு, பழியும் அவளுக்கே வந்தது. மறுநாள் அதே மெஷினில் இன்னொருத்தி வந்து உட்காருவாள். மெஷின் மட்டும் அப்படியே இருக்கும்.

தொழிலுக்கு வாங்கிய கடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஒரு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. தவணை நிற்கிறது. விரல் போனவள் மறுபடி தையல் மெஷினில் உட்கார முடியுமா? அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

பெயர் பெரிசு, விஷயம் சுலபம்

செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்ட முடியாது. காலுக்குத் தகுந்த மாதிரிதான் செருப்பு தைக்கணும். வேலையும் அப்படித்தான். ஆளின் உயரம், பலம், களைப்பு, மறதி எல்லாத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி மெஷினையும் மேசையையும் வேலை முறையையும் அமைக்கணும். இதற்கு ஒரு படிப்பே இருக்கிறது. ஆங்கிலத்தில் எர்கனாமிக்ஸ் என்பார்கள், தமிழில் பணிச்சூழலியல். அந்த ஆங்கிலச் சொல்லின் மூலத்தை 1857-லேயே போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் உருவாக்கிவிட்டார்.

இந்தப் படிப்பு முதலில் ஒத்துக்கொள்கிற உண்மை: மனுஷி என்றால் களைப்பு வரும், கவனம் சிதறும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நினைப்பு வீட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு நொடி கவனம் தவறினாலும் கை போகாத மாதிரி வேலையிடம் இருக்கணும்.

விமானத்தில் நடந்த கதை

இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்காவின் பி-17 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தில் ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் தரையில் நல்லபடியாக இறங்கிவிடும். இறங்கிய பிறகு விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும். "விமானியின் தவறு" என்றே எழுதி வைத்தார்கள்.

அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் அறிஞர் விமானி உட்காரும் இடத்தையே போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் சுவிட்சும், இறக்கையின் மடிப்பை இயக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. களைத்துப்போன விமானி ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றைத் தொட்டிருக்கிறார். சபானிஸ் செய்தது சின்ன வேலை. சக்கர சுவிட்சின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டச் செய்தார். கண்ணால் பார்க்காமலே, தடவினாலே எது எது என்று தெரிந்தது. இன்றைக்கும் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

இதை நம்ம வீட்டுக்குக் கொண்டுவருவோம். உப்பும் சமையல் சோடாவும் ஒரே மாதிரி டப்பாவில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா? பூச்சிமருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறோமா? பிள்ளை எடுத்துக் குடித்தால் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? மருந்து அதன் சொந்த டப்பாவில், பூட்டுப் போட்ட பெட்டியில் இருந்தால் அந்தத் தவறு நடக்கவே வழியில்லை.

அஞ்சு படி

ஆபத்தைக் குறைக்க அஞ்சு படி இருக்கிறது. மாவு மில் பெல்ட்டில் சேலை மாட்டுவதை வைத்துப் பார்ப்போம்.

1. ஆபத்தையே எடுத்துவிட முடியுமா? மோட்டார் நேரடியாக இணைந்த, பெல்ட்டே இல்லாத மெஷின் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கணும்.
2. குறைந்த ஆபத்துள்ளதாக மாற்ற முடியுமா? மோட்டாரையும் பெல்ட்டையும் ஆள் நடமாடாத சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாம்.
3. மறைக்க முடியுமா? பெல்ட்டையும் சக்கரத்தையும் முழுசா மூடுகிற மாதிரி கம்பி வலைக் கூண்டு போடலாம். ஊரில் வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள்.
4. முறை வைக்க முடியுமா? மெஷின் ஓடும்போது உள்ளே ஒருத்தர் மட்டும்தான். சுத்தம் செய்யும் முன் மெயின் சுவிட்சை அணைக்கணும்.
5. உடம்பில் போட்டுக்கொள்வது. சேலை மேல் ஓவர்கோட், இழுத்துக் கட்டிய கொண்டை, மூக்குக்குத் துணி.

நாம் வழக்கமாக அஞ்சாவதில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். "முந்தானையை இழுத்துச் செருகு" என்பது கடைசிப் படி. முந்தானை அவிழ்ந்த அன்றைக்கும் காப்பாற்றுவது மூன்றாவது படியில் போட்ட கூண்டுதான். முடிந்த வரை மேல் படியிலேயே வழி தேடுங்கள்.

கதிரடிக்கும் மெஷினுக்கு இதற்காகவே சட்டம் இருக்கிறது. கதிரைத் தள்ளும்போது கையும் சேர்ந்து உள்ளே போய்ப் பலர் ஊனமானதால், 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, கதிர் தள்ளும் தட்டு குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்கணும். அதில் மெஷின் பக்கம் 45 செ.மீ. மேலே மூடியிருக்கணும். காரணம் எளிது. நம்ம கை எட்டுகிற தூரத்தைவிடத் தட்டு நீளமாக இருந்தால், தூக்கக் கலக்கத்தில் கை போனாலும் உருளையைத் தொடாது. வாடகைக்கு மெஷின் வரும்போது ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். குட்டைத் தட்டு என்றால் திருப்பி அனுப்புங்கள்.

அளவு நம்ம கையிலேயே இருக்கு

வேலை மேசை எவ்வளவு உயரம் இருக்கணும்? நேராக நின்று கையை மடக்கிப் பாருங்கள். முழங்கைதான் கணக்கு.

- பொட்டலம் போடுவது, காய் நறுக்குவது போன்ற லேசான வேலைக்கு முழங்கைக்கு நாலு விரல் கீழே.
- மாவு பிசைவது, அழுத்தி உருட்டுவது போன்ற பலம் கொடுக்கும் வேலைக்கு முழங்கைக்கு ஒரு சாண் கீழே.
- ஊசியில் நூல் கோர்ப்பது, பூ வேலை போன்ற கண் வேலைக்கு முழங்கை மட்டம் அல்லது கொஞ்சம் மேலே.

கடையில் வருகிற மேசையும் கருவியும் பல நேரம் ஆண்களின் உயரத்துக்குச் செய்தவை. நம்ம பெண்களின் சராசரி உயரம் 150 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்தான். ஆண்கள் அதைவிட 10 செ.மீ.க்கு மேல் கூடுதல். மேசை உயரமாக இருந்தால் நிற்கும் இடத்தில் பலகை போடுங்கள். பலகை ஆடக் கூடாது. மேசை தாழ்வாக இருந்தால் காலுக்குக் கீழே கட்டை வையுங்கள்.

தையல் மெஷினில் முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும். வெறும் ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு போகும். பாதம் முழுசும் மிதியில் படணும். மோட்டார் மெஷின் என்றால் ஊசிக்கு முன்னால் விரல் காப்பும், பெல்ட்டுக்கு மூடியும் கட்டாயம். வெளிச்சம் துணி மேல் விழணும், நம்ம நிழல் விழக் கூடாது. மணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்கள்.

தூக்குவதில் இருக்கிற கணக்கு

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிடி நல்லா இருந்து, சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், எப்பவாவது தூக்கினால்கூட, ஒரு ஆளுக்கு 23 கிலோதான் எல்லை என்கிறது. தரையிலிருந்து தூக்கினாலோ, திரும்பிக்கொண்டு தூக்கினாலோ எல்லை இன்னும் குறையும். நாமோ 50 கிலோ அரிசி மூட்டையை இழுக்கிறோம். வீட்டு கேஸ் சிலிண்டரே கேஸோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ.

என்ன செய்யலாம்? மூட்டையை 25 கிலோவாக வாங்குங்கள், அதையும் ரெண்டு பேராகப் பிடியுங்கள். தரையில் போடாமல் இடுப்பு உயரத் திண்ணையில் அடுக்குங்கள். சிலிண்டரை நகர்த்தச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்குங்கள்.

காலை உணவு சமைக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். உப்புமா, பொங்கல், சாம்பார் இருக்கிற பெரிய பாத்திரத்தை அப்படியே இறக்காதீர்கள். அடுப்பு அணைந்த பிறகு, கரண்டியால் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி எடுத்துப் போங்கள். அடுப்புக்கும் பரிமாறும் மேசைக்கும் நடுவில் நடக்கும் தூரம் குறையணும். அந்த வழியில் ஈரமும் கூடாது, பிள்ளைகளும் கூடாது. பெரிய பாத்திரத்துக்குத் தாழ்வான அடுப்பு வையுங்கள். கிளறும்போது பாத்திரத்தின் வாய் முழங்கைக்குக் கீழே இருந்தால் ஆவி முகத்தில் அடிப்பது குறையும், தோளும் வலிக்காது.

வயலில்

திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நடுகிறோம். அதனால் கோனோ வீடரை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து நடந்து களை எடுக்க முடிகிறது. நாள் பூரா குனிகிற வேலை குறைகிறது. ஆனால் வாங்கும்போது கைப்பிடி உயரத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் கருவி ஆண்கள் கைக்குப் போய்விடும், நம்ம கூலியும் அதோடு போய்விடும். மக்காச்சோளம் உதிர்க்கக் கையில் பிடிக்கும் குழாய்க் கருவி, உட்கார்ந்து இயக்கும் கடலை உடைப்பான் எல்லாம் இருக்கின்றன. பெண்களுக்கு ஏற்ற கருவிகளைப் பற்றி ஆராயவே புவனேஸ்வரில் மத்திய வேளாண் மகளிர் நிறுவனம் இருக்கிறது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் கருவிகளைப் பற்றிச் சொல்வார்கள்.

உட்காருவது உரிமை

நம்ம பிள்ளைகள் பலர் ஜவுளிக்கடையில் நாள் பூரா நின்றே வேலை பார்க்கிறார்கள். கால் நரம்பு சுருட்டுகிறது, பாதம் வீங்குகிறது. 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தின. கடைகளில் எல்லாப் பணியாளருக்கும் உட்கார இருக்கை கொடுக்கணும் என்பது சட்டம். ஒரு நாற்காலி போடுவதும் பணிச்சூழலியல்தான். உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

தீர்மான நோட்டில் ஒரு பக்கம்

பெரிய விபத்துக்கு முன்னால் சின்னச் சின்னதாகத் தப்பியிருப்போம். அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கூட்டத்தில் இப்படிப் பேசிப் பழகுவோம்:

"அக்கா, நேத்து கிரைண்டரைத் தொட்டப்ப சுருக்குன்னு ஷாக் அடிச்சுது. கையை உதறிட்டேன்."

"நல்லவேளை சொன்ன, தங்கச்சி. தரை ஈரமா இருந்துச்சா? எர்த் ஒயர் இருக்கா? எலக்ட்ரீசியன் பார்க்கிற வரைக்கும் யாரும் அதைத் தொட வேண்டாம். நோட்டுல எழுதுங்க."

தீர்மான நோட்டில் "தப்பிச்சோம்" என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன நடந்தது, எங்கே, எதை மாற்றினோம் என்று மூன்று வரி போதும். சொன்னவளைத் திட்டக் கூடாது, அபராதமும் கூடாது. ஒரு தடவை திட்டினால் அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள்.

மெஷினுக்குக் கடன் கேட்கும் முன்

மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறோம். இந்த ஆறு கேள்வியையும் கேளுங்கள்:

1. சுற்றுகிற, வெட்டுகிற, சூடாகிற பகுதி மூடியிருக்கிறதா?
2. அணைக்கிற சுவிட்ச் வேலை செய்யும் இடத்திலேயே கை எட்டுமா? சிவப்பாக, தனியாகத் தெரியுமா?
3. எர்த் இணைப்பு இருக்கிறதா? கசிவு மின்சாரத்தில் தானாக அணைகிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் போட எவ்வளவு ஆகும்?
4. நம்மில் குட்டையான ஆளும் உயரமான ஆளும் நின்று பார்த்தோமா?
5. சுத்தம் செய்யக் கையை உள்ளே விடணுமா? பிரஷ் அல்லது குச்சியால் முடியுமா?
6. மூடி, கூண்டு, நாற்காலிக்கான செலவைக் கடன் மனுவில் சேர்த்தோமா?

ஆறாவது கேள்விதான் நாம் மறக்கிற கேள்வி. மெஷினுக்குக் கடன் கிடைத்த பிறகு "கூண்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்றால் அந்த அப்புறம் வராது. மெஷின் விலையோடு கூண்டு விலையும் சேர்ந்ததுதான் அந்தத் தொழிலின் முதலீடு.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் யூனிட்டை எல்லோருமாக ஒரு சுற்று வந்து பாருங்கள். வேலை செய்கிறவளே பேசட்டும். எங்கே வலிக்கிறது, எங்கே பயமா இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று தீர்மானம் போடுங்கள். செய்து முடித்ததும் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற குழுக்களும் படித்துப் பயன்பெறட்டும்.