சோம்பலா, சுரப்பிக் குறையா?

இரவு முழுவதும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் சிலருக்குக் களைப்புத் தீருவதில்லை. கத்திரி வெயிலில் வீட்டில் உள்ள மற்றவர்கள் மின்விசிறியை விட்டு நகராமல் இருக்க, அவர்கள் மட்டும் போர்வையைத் தேடுவார்கள். நேற்றுப் படித்த பாடம் இன்று நினைவுக்கு வராது. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்ல நேரமாகும். இத்தகையவரைக் கண்டால் நாம் என்ன சொல்கிறோம்? மாணவனாக இருந்தால் ‘மந்தம்’ என்கிறோம். இளம்பெண்ணாக இருந்தால் ‘சோம்பேறி’ என்கிறோம். பாட்டியாக இருந்தால் ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். ஆனால் இந்த மூவருக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். அது கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பியின் சுணக்கம்.

அதுவே தைராய்டு சுரப்பி. அது தேவையான அளவு சுரக்காத நிலையைத் தைராய்டு குறைசுரப்பு என்கிறோம். மருத்துவர்கள் இதனை ‘ஹைப்போதைராய்டிசம்’ என்பர். இது உலகெங்கும் பரவலாகக் காணப்படும் குறை; எளிய இரத்தச் சோதனையால் கண்டறியத்தக்கது; நாளுக்கு ஒரு மாத்திரையால் ஈடு செய்யத்தக்கது. எனினும் பலர் இதை அறியாமலே பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்துவிடுகின்றனர். ஏன் அப்படி நேர்கிறது என்பதைக் காண்போம்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தை அணைத்தாற்போல் தைராய்டு அமைந்துள்ளது. வலம் ஒன்று, இடம் ஒன்று என இரு மடல்களும், அவற்றை இணைக்கும் குறுகிய பாலமும் கொண்ட இதன் தோற்றம், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியை ஒத்தது. வளர்ந்தவரிடம் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் இதற்கு இப்பெயரை இட்டார். கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

தைராய்டு ஒரு நாளமில்லாச் சுரப்பி. அதாவது, உமிழ்நீர்ச் சுரப்பியைப் போல் குழாய் வழியே தன் சுரப்பை வெளியேற்றாமல், நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அது சுரக்கும் முக்கிய ஹார்மோன்கள் இரண்டு. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்சின்; இதைச் சுருக்கமாக டி-4 என்பர். மூன்று அயோடின் அணுக்களைக் கொண்டது டி-3. சுரப்பி பெருமளவில் அனுப்புவது டி-4. உடலின் திசுக்கள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, வீரியம் மிக்க டி-3 ஆக மாற்றிக்கொள்கின்றன.

இவற்றின் வேலை என்ன? அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நிறைய இருந்தாலும் திரியை இறக்கிவிட்டால் சுடர் மங்கும், ஏற்றினால் பிரகாசிக்கும். நாம் உண்ணும் உணவு எண்ணெய் என்றால், தைராய்டு ஹார்மோன் திரியை ஏற்றி இறக்கும் திருகு. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இந்த ஹார்மோன் நுழைந்து, எந்தப் புரதத்தை எவ்வளவு தயாரிக்க வேண்டும், எவ்வளவு ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. திரி இறங்கினால் ஓர் உறுப்பு மட்டும் மங்குவதில்லை. உடல் முழுவதுமே மங்குகிறது.

இந்த ஹார்மோனைச் செய்ய வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். 70 ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 4 கிராமைக்கூட எட்டாது!

மேற்பார்வையாளரின் உத்தரவு

சுரப்பி எவ்வளவு சுரக்க வேண்டும் என்று யார் சொல்வது? மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே அதன் மேற்பார்வையாளர். அது டி.எஸ்.எச். என்னும் தூண்டும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. இரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு இருந்தால் டி.எஸ்.எச்.சைக் குறைத்துக்கொள்கிறது, போதாவிட்டால் கூட்டுகிறது.

எனவேதான் சோதனை அறிக்கையைப் பார்ப்பவர்கள் முதலில் குழம்புகிறார்கள். டி.எஸ்.எச். அளவு மிகுந்திருந்தால், ‘தைராய்டு அதிகமாகிவிட்டது’ என்று எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வேலையாள் தளர்ந்துபோனதால் மேற்பார்வையாளர் உரக்கக் கத்துகிறார் என்பதே அதன் பொருள். வளர்ந்தவரிடம் டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். டி.எஸ்.எச். உயர்ந்தும் டி-4 குறைந்தும் இருந்தால் குறைசுரப்பு உறுதியாகிறது.

இந்த ஓயாத தூண்டுதலால் சில வேளைகளில் சுரப்பியே பருத்துவிடுகிறது. அதுவே முன்கழுத்துக் கழலை. கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மிடறு தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலெழுந்து இறங்குவது தெரியும். அதற்குக் கீழே ஒரு புடைப்பும் சேர்ந்து எழுந்து இறங்கினால், அதை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஆனால் கழலை இல்லாமலும் குறைசுரப்பு இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

அறிகுறிகளும் அவற்றின் காரணங்களும்

திரி இறங்கினால் என்னென்ன நேரும் என்று தெரிந்தால், அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

செல்கள் வெப்பத்தைக் குறைவாக உண்டாக்குவதால் குளிர் தாங்குவதில்லை. இதயம் மெதுவாகத் துடிப்பதால் நாடி தளர்கிறது. குடலின் அசைவு குறைவதால் மலச்சிக்கல் உண்டாகிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைவதால் தோல் வறண்டு சொரசொரப்பாகிறது, முடி உதிர்கிறது. தோலுக்கு அடியில் நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பொருள் சேர்வதால் முகமும் கண் இமைகளும் உப்புகின்றன, குரல் கரகரக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறலாம், அல்லது இரத்தப்போக்கு மிகலாம். கொழுப்பைக் கல்லீரல் மெதுவாக அகற்றுவதால் இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடுகிறது.

மருத்துவர் செய்யும் ஒரு சோதனை சுவையானது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டுவார். பாதம் சட்டென்று அசைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். குறை முற்றியவரிடம் பாதம் அசையும். ஆனால் சோம்பல் முறிப்பதைப் போல் மெல்லத் திரும்பும்.

இந்தப் பட்டியலில் உள்ள எந்த ஓர் அறிகுறியும் தனித்தன்மை உடையதன்று. இரத்தசோகையிலும் களைப்பு வரும். தூக்கக் குறைவிலும் மறதி வரும். மனச்சோர்விலும் சுறுசுறுப்புப் போகும். மேலும் இவை ஒரே நாளில் வருவதில்லை. மெல்ல மெல்ல வருவதால் நோயாளியே பழகிப்போகிறார். உடன் இருப்பவர்களும் அதுவே அவருடைய இயல்பு என்று நம்பிவிடுகிறார்கள். இந்தக் குறை நெடுங்காலம் மறைந்திருப்பதன் இரகசியம் இதுதான். ஆகவே ஒரே அறிகுறியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல அறிகுறிகள் சேர்ந்து வந்து, வாரக்கணக்கில் நீடித்தால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வளரும் வயதினரிடம் இன்னொரு முக்கிய அடையாளம் உண்டு. அது உயரம் நின்றுபோவது. எலும்பு வளர்ச்சிக்கும் இந்த ஹார்மோன் தேவை. வகுப்பில் உள்ளவர்கள் வளர்ந்துகொண்டே போக, ஒருவருக்கு மட்டும் இரண்டாண்டுகளுக்கு முன் தைத்த சீருடை இன்னும் நீளம் போதுமானதாக இருந்தால், அதைச் சிக்கனம் என்று மகிழாமல் கவனிக்க வேண்டும். பருவமடைதலும் தாமதமாகலாம்.

ஏன் குறைகிறது?

அயோடின் பற்றாக்குறை ஒரு காரணம். மலைச்சரிவுகளில் மழைநீர் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுவதால், இமயமலை அடிவாரத்தில் கழலை மிகுந்திருந்தது. 1956-இல் தொடங்கி, டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கில் சுமார் ஒரு லட்சம் மக்களிடையே ஆய்வு நடத்தினர். அயோடின் சேர்த்த உப்பை உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. இதன் பயனாக 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் உருவாயிற்று. இன்று நம் வீட்டு அடுக்களையில் உள்ள அயோடின் உப்பு அந்த ஆய்வின் கொடை எனலாம்.

அயோடின் போதுமான இடங்களில் முதன்மையான காரணம் வேறு. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்புப்படை, தவறுதலாகத் தன் சொந்தத் தைராய்டையே தாக்கிச் சிதைக்கிறது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இதை முதலில் விவரித்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு அதிகம். குடும்பங்களில் தொடர்ந்தும் வருவதுண்டு. அறுவை சிகிச்சையால் சுரப்பியை அகற்றியவர்களுக்கும், பிறவியிலேயே சுரப்பி சரியாக அமையாதவர்களுக்கும் குறைசுரப்பு நேரிடும்.

ஆட்டின் கழுத்திலிருந்து வந்த மருந்து

இந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எவருக்கும் தெரியாது. 1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், முகம் உப்பி, பேச்சும் நினைவும் மந்தமான சில பெண்களைப் பற்றி எழுதினார், காரணம் புலப்படவில்லை. மறு ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர், 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழலையைச் சுரப்பி முழுவதோடும் அகற்றினார். சிகிச்சை வெற்றி என்றே எல்லோரும் கருதினர். சில ஆண்டுகளில் அவளது தங்கை வளர்ந்து அவளை மிஞ்சிவிட்டாள். அவளோ குட்டையாகவே நின்று, அறிவும் மங்கிப்போனாள். கோக்கர் தம் பழைய நோயாளிகளை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுவதும் இழந்த பலருக்கும் அதே கதி! மறைக்காமல் 1883-இல் இதை அவர் வெளியிட்டார். கல் கண்ட நோயும், கோக்கரின் நோயாளிகளின் நிலையும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. தைராய்டு ஆராய்ச்சிக்காகக் கோக்கர் 1909-இல் நோபல் பரிசு பெற்றார்.

இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறினார், பின்னர் சாற்றை வாய்வழி உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் காலமானார். அந்த ஒருவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870-க்கும் மேல்! 1914-இல் எட்வர்ட் கெண்டல் அமெரிக்காவில் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே உருவாக்கினர். இன்று ஆடுகளுக்கு வேலையில்லை. லிவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது நம் சுரப்பி செய்யும் அதே மூலக்கூறுதான்.

மாத்திரையோடு வாழ்வது

இந்த மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படுவது. ஆகவே அதை உட்கொள்வதில் ஒழுங்கு வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் சிற்றுண்டியும் கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் தைராக்சினைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். ஆதலால் பலன் மறுநாளே தெரியாது. அளவை மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறு சோதனை செய்வார்கள்.

‘உடம்பு சரியாகிவிட்டதே’ என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. மூக்குக் கண்ணாடி அணிந்ததும் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியைத் தூக்கி எறிவோமா? ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது வாழ்நாள் மருந்து. ஆனால் அளவு சரியாக இருந்தால் அவர்கள் படிக்கலாம், ஓடலாம், விளையாடலாம், எந்தத் தொழிலும் செய்யலாம். பெண்கள் கருவுற்றதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்ட நேரிடும். தொடக்க மாதங்களில் கருவின் மூளை தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது.

சில தவறான எண்ணங்களையும் களைய வேண்டும். உடல் பருமனுக்கெல்லாம் தைராய்டு காரணமன்று. குறைசுரப்பால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான். மெலிவதற்காகத் தைராக்சின் உண்பது இதயத்துக்கு ஆபத்து. முட்டைக்கோசு அயோடினின் வேலைக்கு ஓரளவு இடையூறு செய்யும் என்பது உண்மையே; ஆயினும் அயோடின் உப்பு உண்பவர் அதைச் சமைத்து அளவாகச் சாப்பிட அஞ்ச வேண்டாம். ஹாஷிமோட்டோ நோயை அதிக அயோடின் உண்டு தீர்க்க முடியாது. மிகை அயோடின் கேடும் செய்யும்.

நேரம் தவறக்கூடாத ஓரிடம்

வளர்ந்தவர் சில மாதம் தாமதித்தாலும் இழந்ததை மீட்கலாம். பச்சிளங்குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. உலகில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையுடன் பிறக்கிறது. பிறந்தபோது அது பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் மூளை இயல்பாக வளரும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பின்னர் எவ்வளவு கொடுத்தாலும் அறிவு வளர்ச்சியின் இழப்பு முழுதும் ஈடாகாது. குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் இதைக் காட்டிக்கொடுக்கும். கனடாவின் கியூபெக்கில் 1970-களில் தொடங்கிய இச்சோதனை இன்று பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுகிறது. உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், ‘தைராய்டு பார்த்தாயிற்றா?’ என்று கேட்க மறவாதீர்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குழந்தையின் அறிவைக் காக்கக்கூடும்.