துப்பாக்கிக் குழலைக் கழற்ற பைப் ரெஞ்சா? கரிசல் காட்டு வீடுகள் கவனிக்க!

விளாத்திகுளம் தாலுகா, புதூர் வட்டாரம். வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உட்கார்ந்திருக்கும் ஊர்கள். உளுந்து, பாசி, மல்லி, மக்காச்சோளம் என்று காடு பச்சை பிடித்ததும் அடுத்த கவலை காட்டுப்பன்றி. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், விடிவதற்குள் மக்காச்சோளத் தட்டைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கிய துப்பாக்கி கிராமப்புறங்களில் சில வீடுகளில் இன்றும் உண்டு. தாத்தா பெயரில் இருந்து, அப்பா பெயருக்கு மாறி, இப்போது மகன் கையில் இருப்பவை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது பீரோவுக்குள்ளோ, பரணிலோதான் கிடக்கும். கோடையில் கரிசல் புழுதி உள்ளே போகும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும். வாய் திறந்தபடி சுவரில் மாட்டி வைத்திருந்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து குழலுக்குள் கூடு கட்டிவிடும். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் உள்ளே துரு, இல்லையென்றால் அடைப்பு.

அப்போதுதான் அந்த யோசனை வருகிறது: ‘பேரலைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் பண்ணிட்டா என்ன?’

மோட்டாரை நாமே பிரிக்கிறோம், டிராக்டர் டயரை நாமே கழற்றுகிறோம், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. வீட்டில் பைப் ரெஞ்ச் இருக்கும். பக்கத்து லேத் பட்டறையில் வைஸ் இருக்கும். ஆனால் துப்பாக்கிக் குழல் விஷயத்தில் இந்த இரண்டுமே தப்பான கருவிகள். வீட்டில் எதைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. கருவி இல்லாமல் கையோடு வருவது வீட்டு வேலை. கருவி கேட்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை.

கையோடு வரும் குழல்

நம் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் வைத்திருப்பவை பெரும்பாலும் 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிரித்தால் ஒரு உருண்டை என்ன பருமன் இருக்குமோ, அதுதான் இதன் குழல் அளவு. சுமார் 18.5 மில்லிமீட்டர். நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை இது. இதன் குழலைக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம். அப்படிக் கழற்றும்படிதான் செய்திருக்கிறார்கள்.

முதலில் மடித்து, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பிறகு மூடி, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை அதன் கொக்கியை விடுவித்து எடுக்க வேண்டும். மறுபடி மடித்தால் கீல் ஊசியில் இருந்து குழல் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடக் கூடாது. துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தோடு நம் வேலை முடிந்தது.

கழற்றிய குழலைத் துடைக்க மரக் கம்பி அல்லது பித்தளைக் கம்பி, குழல் அளவுக்கு ஏற்ற வெண்கல பிரஷ், சுத்தமான பருத்தித் துணி, கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய். இவ்வளவுதான். கட்டிடக் கம்பியின் முனையில் சாக்கைச் சுற்றிக் குத்துவது பல வீடுகளில் நடக்கிறது. அது உள்சுவரைக் கீறிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளானதும் பிசுபிசுத்து, புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாட்டுத் துப்பாக்கி எனப்படும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகையில் ஆபத்து வேறு மாதிரி. அதில் மருந்து உள்ளே இருப்பது வெளியில் தெரியாது. பல மாதம் முன்பு கெட்டித்து, மறந்துபோய் மாட்டி வைத்தது அப்படியே இருக்கலாம். பழைய ஆட்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் வைத்து, அதே கம்பியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். அடையாளத்தில் இருந்து கம்பியின் நுனி, குழலின் அடி வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அந்தத் துப்பாக்கியின் பின்பக்கத்தில் திருகி அடைத்திருக்கும் அடைப்பை வீட்டில் கழற்ற முயல்வது உயிரோடு விளையாடுவது. உள்ளே மருந்து இல்லை என்று உறுதியானால், கரி மருந்தின் கசடு சோப்பு கலந்த வெந்நீருக்கே கரையும். கழுவியதும் ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்தி எண்ணெய் போட வேண்டும்.

ரைஃபிள் கதை வேறு

ரைஃபிளின் குழல் திருகு மரையால் பின்பகுதியோடு இறுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் உரிமத்தில் கிடைக்கும் .315 ரைஃபிள், மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரானது. பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளின் வழி வந்தது. தொழிற்சாலையில் இறுக்கிய குழல், பல வருட எண்ணெயும் துருவும் சேர்ந்து இன்னும் இறுகிப் போயிருக்கும்.

இதைக் கழற்ற இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, குழலைப் பிடிக்கும் தனி வைஸ். அதன் தாடைகளுக்கு நடுவே குழலின் உருவத்துக்கே குடைந்த மரக்கட்டை அல்லது அலுமினியக் கட்டை இருக்கும். வழுக்காமல் இருக்கக் குங்கிலியப் பொடி தூவுவார்கள். இரண்டாவது, பின்பகுதியைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும் ரெஞ்ச். அந்தந்த மாடலுக்கு என்று தனியாகச் செய்தது. இவை இல்லாமல் சாதாரண வைஸில் பிடித்தால் குழல் நசுங்கும். பைப் ரெஞ்ச் போட்டால் பல் பதியும். பின்பகுதியை நேராகப் பிடிக்காமல் முறுக்கினால் அது லேசாகத் திருகிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போல்ட் சரியாகப் பூட்டாது.

கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி இளக்கலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். துருப்பிடித்த நட்டுக்கு அது சரி. துப்பாக்கி எஃகு, வெப்பப் பதப்படுத்தலில்தான் பலம் பெறுகிறது. கண்டபடி சூடாக்கினால் அந்தப் பலம் போய்விடும். இரட்டைக்குழலில் இன்னொரு சிக்கல். இரண்டு குழலையும் சேர்த்திருப்பது ஈயப் பற்று. சூடு பட்டால் உருகி, குழல்கள் பிரிந்துவிடும்.

கழற்றுவதைவிடத் திரும்ப மாட்டுவதுதான் பெரிய வேலை. போல்டின் முகத்துக்கும், தோட்டா அறையில் போய் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு அளவு உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் கூடக் குறைய இருக்கலாம். இதை அளக்க இரண்டு அளவுக்கட்டைகள் இருக்கின்றன. ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக் கூடாது. இடைவெளி அதிகமானால் சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை கிழியும். உள்ளே இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம் காற்று அடிக்கிறோம். வேட்டை ரைஃபிளில் அது 40,000 பவுண்டைத் தாண்டும். அந்த வாயு பின்பக்கமாக வந்தால், அங்கே இருப்பது சுடுபவரின் கண்ணும் கன்னமும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் இருக்கும் பெண்களும் படிக்க வேண்டிய பகுதி இது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்தாலும், வழக்கு என்று வந்தால் அலைவது குடும்பம் முழுவதும்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமமும் பழுதுபார்க்கும் உரிமமும் ஒன்றல்ல. லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் அந்த உரிமம் கிடையாது. கொடுத்தவர், செய்தவர் இருவருக்கும் சிக்கல். 6-வது பிரிவு, குழலை வெட்டிக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் உரிமம் தரும் 13-வது பிரிவு, குழல் குறைந்தது 20 அங்குலம் இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. வாய்ப்பக்கம் துருப்பிடித்துவிட்டது, நாலு அங்குலம் அறுத்துவிடலாம் என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இந்த 5, 6-வது பிரிவுகளை மீறினால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

பலருக்கும் தெரியாதது இன்னொன்று. சட்டத்தின் விளக்கப்படி துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கிதான். கழற்றிய குழலைச் சாக்கில் சுற்றி ‘இரும்புதானே’ என்று பைக்கில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனால், சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம் கொண்டுபோவது. அடுத்து, துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண். பைப் ரெஞ்சின் பல் அந்த எண்ணின் மேல் பதிந்து, எழுத்து அழிந்துபோனால், அதை அழித்தது வைத்திருப்பவர்தான் என்றே 8-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

இந்தக் கரிசல் மண்ணுக்கு ஆயுதத் தடை புதிதல்ல. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையங்களில் இருக்கும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் மேஜர் பானர்மேன். அது அந்நியன் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட உத்தரவு. இன்றைய சட்டத்தை அதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

அடைத்துக்கொண்டால்?

உண்மையில் குழலைக் கழற்றத் தேவைப்படும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. துரு என்றால், மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் வெண்கல பிரஷும் போதும். குழி விழுந்த துரு, கழற்றினாலும் போகாது. குளவிக்கூடு என்றால், அறை காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு மரக் கம்பியால் மெதுவாகத் தள்ளினால் மண் உதிர்ந்துவிடும். ‘சுட்டா தானா வெளிய போயிடும்’ என்று மட்டும் நினைக்கக் கூடாது. அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவே உள்ளே சிக்கிக்கொண்டது என்றால் வாய்ப்பக்கம் இருந்து எதையும் விட்டுக் குத்தக் கூடாது. ஆளில்லாத பக்கம் நோக்கி வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கோ போன் செய்ய வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கையில் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். விவசாயிக்கு அந்த அதிகாரம் இல்லை. காட்டைக் காக்கத் துப்பாக்கி கொடுத்துவிட்டு, சுடாதே என்பது என்ன நியாயம் என்ற கேள்வி கரிசல் காட்டில் எழுவதில் ஆச்சரியமில்லை. அதற்காக அவுட்டுக்காய் வைப்பது தீர்வாகாது. பன்றிக்கு வைத்தது மாட்டின் வாயைக் கிழித்த கதைகள் ஊர் ஊருக்கு இருக்கின்றன.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். முடிவு வந்து திரும்ப வாங்கும்போது, வீட்டுக்கு வந்ததும் பீரோவில் போட்டுப் பூட்டிவிடாமல் ஒருமுறை மடித்து, வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்ப்பது நல்லது. துரு அப்போதே தெரிந்தால் துணியோடு போய்விடும். பெரிய வேலை என்றால் பெருநகரங்களில் இருக்கும் உரிமம் பெற்ற கடைகள்தான் வழி. போகும்போது உரிமப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக, உறைக்குள் இருக்க வேண்டும். தோட்டாக்களை வீட்டிலேயே தனியாகப் பூட்டி வைத்துவிடலாம். கடையில் துப்பாக்கி எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்க வேண்டும். வேலை முடிந்து திரும்ப வாங்கும்போது, குழலில் இருக்கும் எண்ணையும் உரிமத்தில் இருக்கும் எண்ணையும் கடை வாசலிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.