புதிய கைப்பேசியும் பழைய கார் ஸ்டீரியோவும்

சித்தூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பலமநேருக்கு முன்னதாக அமைந்த ஊர் பங்காருபாளையம். மாங்காய்ப் பருவத்தில் அவ்வூர்ச் சந்தைக்குத் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் இரவு பகலாக வந்து சேரும். அங்குள்ள மாங்காய் வணிகர் ஒருவர் நம் வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர். சென்ற பருவத்தில் கிளைக்கு வந்தவர், வரவு செலவெல்லாம் பேசி முடித்தபின் சற்றுத் தயங்கி ஒன்று கேட்டார்: "சார், கார் ஸ்டீரியோ மாற்ற வேண்டும். பதினெட்டாயிரம் ஆகுமாம். அதற்கும் சேர்த்துக் கடனில் போட்டுக்கொள்ளலாமா?"

ஸ்டீரியோவில் பழுது ஏதும் இல்லை. அவருடைய கார் 2010ஆம் ஆண்டில் வாங்கியது. குறுந்தகடு போடும் வாய், வட்டமான ஆக்ஸ் துளை, நீள்சதுரமான யு.எஸ்.பி. துளை ஆகிய மூன்றும் அதில் உண்டு. பழைய கைப்பேசியின் இயர்போன் துளையிலிருந்து ஆக்ஸ் துளைக்கு ஒரு கம்பியைச் செருகிப் பல ஆண்டுகள் பாட்டுக் கேட்டு வந்தார். புதிதாக வாங்கிய கைப்பேசியில் இயர்போன் துளையே இல்லை. அடியில் டைப்-சி துளை ஒன்று மட்டுமே இருந்தது. அதை யு.எஸ்.பி. துளையோடு கேபிளால் இணைத்துப் பார்த்தார். மின்னேற்றம் நடந்தது, பாட்டு வரவில்லை. உதிரிப்பொருள் கடையில், பழைய ஸ்டீரியோ புதிய போனுக்கு ஒத்துவராது என்றும், தொடுதிரை கொண்ட புதியதைப் பொருத்துவதுதான் வழி என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் அன்று. முழு உண்மையும் அன்று. ஒரு செருகி ஒரு துளைக்குள் பொருந்துவது வேறு. பொருந்திய இரு கருவிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்வது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவு பல்லாயிரம் ஆகிவிடுகிறது.

ஒரே துளை, மூன்று வேலைகள்

கைப்பேசிக்கும் காருக்கும் இடையே மூன்று செல்லலாம்: மின்சாரம், தரவு, ஒலி. முற்காலத்தில் இம்மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி வழிகள் இருந்தன. இன்று அனைத்தும் ஒரே டைப்-சி துளையின் வழியாகவே நடைபெறுகின்றன. எனவே "இணையவில்லை" என்று சொல்வதற்கு முன், மூன்றில் எது நின்றுபோயிற்று என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒலி. கைப்பேசியில் பாட்டு எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒலிபெருக்கிக்கோ ஏறி இறங்கும் மின் அலை வேண்டும். எண்ணை அலையாக மாற்றும் சிறு சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர். இயர்போன் துளையுள்ள கைப்பேசிகளில் இந்த மாற்றம் உள்ளேயே நிகழ்ந்து, ஆயத்தமான அலையே துளைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய ஐபோன் 7இல் அத்துளையை நீக்கியது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. துளை போனதால் மாற்றும் வேலையை வெளியே ஒரு கருவி செய்ய வேண்டியதாயிற்று. டைப்-சியிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றும் விரல் நீள அடாப்டர்தான் அக்கருவி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் இவ்வகை அடாப்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் இரு வகைப்படும். ஒன்றில் டி.ஏ.சி. சில்லு உண்டு, மற்றொன்றில் வெறும் கம்பி மட்டுமே. கம்பி மட்டும் உள்ளது, டைப்-சி துளை வழியாகவே ஒலி அலையை வெளியிடும் சில கைப்பேசிகளுக்கு மட்டும் பயன்படும். மற்றவற்றில் செருகினால் ஒன்றும் கேட்காது. வாங்கும்போது டி.ஏ.சி. உள்ளதா என்று உறையைப் பார்த்துக் கேட்டு வாங்குவதும், இயலுமாயின் கடையிலேயே தம் கைப்பேசியில் செருகிச் சோதிப்பதும் நலம். நம் வணிகருக்குத் தேவைப்பட்டது இந்த ஓர் அடாப்டர் மட்டுமே.

ஒரு சிறு தொல்லை எஞ்சுகிறது. அடாப்டரைச் செருகியபின் மின்னேற்றத்திற்குத் துளை இல்லை. இதற்கென இரு கிளைகளாகப் பிரியும் அடாப்டர்கள் விற்கின்றன. ஆயினும் காரிலேயே மின்னேற்றிக்கொண்டு ஆக்ஸ் வழியாகவும் பாட்டுக் கேட்கும்போது, எஞ்சினின் வேகத்திற்கேற்ப ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் சில கார்களில் கேட்கும். ஸ்டீரியோ பழுதாகிவிட்டதென்று பலர் அஞ்சுவதுண்டு. ஸ்டீரியோவும் கைப்பேசியும் ஒரே மின்கலத்தோடு வெவ்வேறு பாதைகளில் தரையிணைப்புப் பெறுவதால் எழும் ஓசை அது. 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்னும் சிறு கருவியை ஆக்ஸ் கம்பியின் இடையில் பொருத்தினால் அடங்கிவிடும்.

யு.எஸ்.பி. துளை ஏன் மௌனம் சாதிக்கிறது?

நீள்சதுரத் துளை இருக்கும்போது பாட்டு ஏன் வரவில்லை என்பது வணிகரின் அடுத்த ஐயம். அக்காலத்து ஸ்டீரியோ அத்துளையில் எதிர்பார்ப்பது பென் டிரைவ் ஒன்றைத்தான். தொடக்ககால ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் கணினியில் செருகியவுடன் பென் டிரைவ் போலவே நடந்துகொண்டன. 2011ஆம் ஆண்டையொட்டி வந்த பதிப்புகளிலிருந்து எம்.டி.பி. என்னும் வேறு முறைக்கு அவை மாறிவிட்டன. கணினிக்கு அம்முறை தெரியும். பழைய ஸ்டீரியோவுக்குத் தெரியாது. எவ்வளவு விலையுயர்ந்த கேபிள் வாங்கினாலும் இது மாறாது.

இதற்கு எளிய மாற்று, பாட்டுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி நிரந்தரமாகக் காரிலேயே விட்டுவிடுவது. பழைய ஸ்டீரியோக்கள் எஃப்.ஏ.டி.32 என்னும் முறையில் அமைக்கப்பட்ட டிரைவையே படிக்கும். 32 ஜி.பி.க்கு மேற்பட்டவை பெரும்பாலும் வேறு முறையில் அமைந்து வருவதால், 16 அல்லது 32 ஜி.பி. கொண்டதை வாங்குவதே உசிதம். பாட்டுகள் எம்.பி.3 வடிவில் இருக்கட்டும்.

மின்னேற்றமும் இத்துளையில் ஒரு பெயரளவுக்குத்தான். பழைய யு.எஸ்.பி. துளை தரக் கடமைப்பட்டது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெங்களூருவரை செல்பவருக்கு, மின்னேற்றத்தில் இருந்தும் சதவீதம் குறைந்துகொண்டே வருவது இதனால்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் தரமான சார்ஜரை மின்சாரத்திற்கும், ஸ்டீரியோவின் துளையை ஒலிக்கும் என்று பிரித்துக்கொண்டால் இக்குறை தீரும்.

மலிவான கேபிள்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முனையில் பழைய செருகியும் மறுமுனையில் டைப்-சியும் கொண்ட கேபிளில் 56 கிலோ ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. எதிரே இருப்பது பழைய துளை, அளவோடு மின்சாரம் எடு என்று கைப்பேசிக்கு அது அறிவுறுத்துகிறது. தவறான மின்தடை வைத்த கேபிளில் கைப்பேசி 3 ஆம்பியர்வரை இழுக்க முயலும். பழைய துளையால் அதைத் தாங்க இயலாமற் போகலாம். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் இணையச் சந்தையில் விற்ற கேபிள்களைத் தாமே வாங்கிச் சோதித்து, தரமற்றவற்றை வெளிப்படுத்தினார். மறு ஆண்டு, தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. அதன்பின் அமேசான் நிறுவனம் விதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் கேபிள் அன்று.

ஐபாட் காலத்துக் கார்கள்

2005 முதல் 2012 வரை வெளிவந்த உயர்விலைக் கார்கள் சிலவற்றில் ஐபாடுக்கென்றே தட்டையான 30 முனைச் செருகி இருக்கும். 2003இல் வந்த அச்செருகியை 2012 செப்டம்பரில் ஐபோன் 5 வெளியானபோது ஆப்பிள் கைவிட்டு, லைட்னிங் என்னும் சிறிய செருகிக்கு மாறியது. இரண்டையும் இணைக்க அந்நிறுவனமே விற்ற அடாப்டர் ஒலியையும் மின்னேற்றத்தையும் தந்தது, காணொளியைத் தரவில்லை. 2023இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியதும் லைட்னிங்கும் பழையதாயிற்று. 30 முனையிலிருந்து லைட்னிங், அதிலிருந்து டைப்-சி என்று அடாப்டர்களைக் கோத்துப் பார்ப்போர் உண்டு. அதற்குச் செலவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை; அக்கார்களில் ஆக்ஸ் துளை இருந்தால் அதுவே போதும்.

செருகிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு டைப்-சி கட்டாயமாகியுள்ளது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஆகவே இன்று வாங்கும் நல்ல அடாப்டர் சில ஆண்டுகளுக்கேனும் பயன்படும் என்று நம்பலாம்.

ஆக்ஸும் இல்லாத காரில் புளூடூத் இருக்கிறதே என்பார்கள். பழைய கார்கள் சிலவற்றில் உள்ள புளூடூத் அழைப்பின் குரலை மட்டுமே கடத்தும். இசைக்கு ஏ2டிபி என்னும் வசதி வேண்டும். கேசட் போடும் ஸ்டீரியோவாக இருந்தால், கேசட் வடிவிலான அடாப்டர் இன்றும் உழைக்கிறது. அதன் கம்பி முனையில் மேற்சொன்ன டி.ஏ.சி. அடாப்டரைச் சேர்த்துவிட்டால், நாற்பது ஆண்டு இடைவெளி உள்ள இரு கருவிகள் பேசிக்கொள்கின்றன. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

மாற்றியே தீர வேண்டுமாயின்

புதிய ஸ்டீரியோவே வேண்டும் என்போர், டாஷ்போர்டில் உள்ள இடம் 180க்கு 50 மில்லிமீட்டரா, 180க்கு 100 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளட்டும். உலகெங்கும் வழங்கும் இருபெரும் அளவுகள் இவை. கம்பிகளை வெட்டி ஒட்டாமல், அந்த மாதிரிக் காருக்கென்றே விற்கும் கப்ளர் கொண்டு பொருத்தச் சொல்ல வேண்டும். பின்னாளில் மின்கசிவால் சேதம் நேர்ந்தால், வெட்டிய கம்பியே காப்பீட்டுக் கோரிக்கையில் முதற்கேள்வியாக எழும். நிறுவனம் பொருத்தித் தராத மின்னணுச் சாதனங்களைக் காப்பீட்டாளரிடம் தனியே அறிவித்து, உரிய பிரீமியம் செலுத்தினால்தான் அவற்றின் இழப்புக்கும் ஈடு கிடைக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தொடுதிரை வந்தபின் வேறொரு கவனமும் வேண்டும். புளூடூத்தில் இணையும்போது, தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் பகிரலாமா என்று கைப்பேசி கேட்கும். பாட்டுக்கு இவ்விரண்டும் தேவையில்லை. குறுஞ்செய்திக்கு இசைவு தந்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் காரின் திரையில் தோன்றக்கூடும். அருகில் அமர்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். வாடகைக் காரிலும் பொது இடங்களிலும் உள்ள யு.எஸ்.பி. துளைகள் வழியே தரவைத் திருடும் முறையைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரித்துள்ளது. அத்தகைய இடங்களில் "மின்னேற்றம் மட்டும்" என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பங்காருபாளையத்திலிருந்து பலமநேர் செல்லும் வழியில் மொகிலி மலைப்பாதை உள்ளது. விபத்துகளுக்குப் பெயர்பெற்ற அவ்வளைவுகளில் கைப்பேசியைக் கையில் எடுத்துப் பாட்டு மாற்றுவதைவிடப் பாட்டே இல்லாமல் போவது மேல். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கைப்பேசியைக் கையாளுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்துள்ளது. கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டுமே 2020 அக்டோபர் முதல் விதிவிலக்கு உண்டு. நிலையான தாங்கியில் வைத்து, புறப்படுமுன் பாட்டையும் வழியையும் அமைத்துவிட வேண்டும்.

மாங்காய் வணிகர் கடன் வாங்கவில்லை. அடாப்டர் வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் மகன் அண்மையில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான்; அதில் தொடுதிரை உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கிளை வாசலுக்கு அழைத்துச் சென்றார். திரையைத் திறந்தபோது, முன்பு இணைந்திருந்த கைப்பேசிகளின் பெயர்கள் ஐந்து அப்படியே இருந்தன. வரைபடத்தில் "வீடு" என்ற குறியைத் தொட்டதும், முந்தைய உரிமையாளரின் தெருவும் கதவு எண்ணும் தோன்றின. அமைப்புகளில் இருந்த "அனைத்தையும் அழி" என்பதை அவனையே அழுத்தச் சொன்னேன். அரை நிமிடத்தில் திரை வெறுமையாயிற்று. பிறகு அவன் சற்று யோசித்துவிட்டு, தான் சென்ற மாதம் விற்ற காரில் இதைச் செய்யவில்லையே என்று, அதை வாங்கியவரின் எண்ணைத் தேடத் தொடங்கினான்.