அடைபட்ட தமனிக்குள் மருந்து போகும் வழி

மூளைக்குச் செல்லும் தமனியை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், கை நரம்பில் ஏற்றும் மருந்து நேராகப் போய் அந்தக் கட்டியைத் தொடுவதில்லை. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் மருந்தும் போகும். கட்டிக்கு முன்னால் கடைசியாகப் பிரியும் கிளை வரை விரைவாக வந்துவிடும். வந்த வேகத்தில் அந்தக் கிளைக்குள் திரும்பிவிடும். கிளைக்கும் கட்டிக்கும் நடுவில் உள்ள சில மில்லிமீட்டர் ஒரு முட்டுச்சந்து. அங்கே ரத்தம் ஏறக்குறைய தேங்கி நிற்கிறது.

தேங்கிய ரத்தத்தில் மருந்தை நகர்த்துவது விரவல். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதுதான் அது. தூரம் இரு மடங்கானால் இதற்கு ஆகும் நேரம் நான்கு மடங்காகும். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் பெரிய புரதம். அந்த அளவுள்ள புரதம் நீரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைச் சுமார் ஒரு நொடியில் கடந்துவிடும். முழு மில்லிமீட்டருக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்றால் நாள்கணக்காகும். பக்கவாதத்துக்கு இம்மருந்தைத் தரும் வழக்கமான கால வரம்போ நாலரை மணி நேரம்தான். கிளையின் வாயில் எழும் சுழல்கள் கொஞ்சம் மருந்தை உள்ளே தள்ளுகின்றன. ஆனால் சற்று உள்ளே போனதும் அவை அடங்கிவிடும். எனவே கிளையை ஒட்டி அடைத்த கட்டிக்கு மருந்து சீக்கிரம் கிடைக்கும், தள்ளி அடைத்ததற்குத் தாமதமாகும்.

கட்டியை எட்டிய பிறகும் வேலை முடியவில்லை. கட்டி என்பது ஃபைப்ரின் இழைகளாலான வலை. முன்பக்கம் ரத்த அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. இந்த வேறுபாடு பிளாஸ்மாவை வலையின் துளைகள் வழியே தள்ளும்போது மருந்தும் கூடவே நுழைகிறது. விரவலைவிட இந்த ஊடுருவலே பெரிய உதவி. நேரம் ஆக ஆகத் தட்டணுக்கள் வலையை இறுக்கும். நடுவில் சிக்கிய சிவப்பணுக்கள் நெருங்கிப் பல முகங்கள் கொண்ட வடிவமாக நசுங்கி, இடைவெளியை அடைத்துவிடும். பழைய கட்டி மருந்துக்கு மசியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆல்டிபிளேஸ் எதிர்ப்படும் முதல் இழைகளிலேயே ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது; இழைகளை வெட்டுவது பிளாஸ்மின். ஆகவே கட்டி முகப்பிலிருந்து அடுக்கடுக்காகக் கரைகிறது. மயிரிழை வழி ஒன்று திறந்துவிட்டால் நிலைமை மாறும்: அழுத்தம் மாறாதிருக்க, வழியின் ஆரம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்காகும், புது மருந்தும் வந்துகொண்டே இருக்கும்.

நீளமான கட்டிகளில் அந்த வழி திறப்பது அரிது. மூளையின் பெரிய தமனிகளில் ஏற்படும் அடைப்புக்கு, தொடை இடுக்கில் நுழைத்த மெல்லிய குழாய் மூலம் கட்டியையே பிடித்திழுக்கும் சிகிச்சை 2015-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின் நிலைபெற்றது.