கப்பலில் கையும் நகையும்

ஆழ்கடலின் நடுவே ஒரு நகரமே மிதந்து செல்வதை மனக்கண்ணால் பாருங்கள். நீச்சற்குளம், நாடக அரங்கு, கடைவீதி, மருத்துவமனை, பத்துக்கும் மேற்பட்ட உணவுக்கூடங்கள் எல்லாம் அந்த நகரத்தில் உண்டு. 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீட்டர். அறைகள் அனைத்தும் நிரம்பினால் 7,600 பயணியர் அதில் செல்லலாம். அவர்களுக்குப் பணிசெய்ய 2,350 ஊழியர்கள் வேறு! இவையெல்லாம் அயல்நாட்டுச் சங்கதிகள் என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இத்தகைய கப்பல் ஒன்று புறப்பட்டது. மறு ஆண்டு அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றுவந்தது. ஆகவே நம் வீட்டுப் பெரியவர்களும் இன்று கப்பலேறுகிறார்கள்.

நம்மவர் பயணம் போனால் பட்டுச்சேலையும் நகையும் போகாமல் இருக்குமா? ஆனால் கப்பலில் கால் வைத்ததும் வரவேற்பது சந்தனமும் பன்னீரும் அல்ல, சானிடைசர் புட்டி. உணவுக்கூடத்தின் வாயிலிலும் அதே புட்டி. சில கப்பல்களில் ஊழியர்கள் “வாஷி, வாஷி” என்று பாடிக்கொண்டே ஒவ்வொருவர் கையிலும் அதைத் தெளிக்கிறார்களாம். அப்பொழுது விரலில் முத்து மோதிரம் அணிந்திருக்கும் ஒருவர் என்ன செய்வார்? நகைக்குக் கேடு வருமோ என்று அஞ்சி, கையைச் சற்றே பின்னுக்கு இழுப்பார். கையைக் காப்பதா, நகையைக் காப்பதா என்ற இந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் நாங்கள் இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில், கப்பலில் ஏன் இத்தனை கெடுபிடி? வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் ‘நோரோ வைரஸ்’ என்னும் நுண்கிருமியே காரணம். இதன் வரலாற்றில் முதலில் வருவது கப்பல் அன்று, ஒரு பள்ளிக்கூடம் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்னும் ஊரில், ஒரு தொடக்கப்பள்ளியின் ஆசிரியரும் மாணவருமாக ஏறத்தாழப் பாதிப்பேர் இந்நோயால் படுத்துவிட்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1972-இல், ஆல்பர்ட் கபிகியன் என்ற அறிஞர் அக்கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டுபிடித்தார். நார்வாக் என்ற ஊரின் பெயரே சுருங்கி ‘நோரோ’ ஆயிற்று.

நூற்றுக்கும் குறைவான நோரோ வைரஸ் துகள்கள் வாய்க்குள் போனாலே ஒருவரை நோயில் தள்ளப் போதும் என்கிறார்கள். நோயுற்றவர் படிக்கட்டின் கைப்பிடியைத் தொடுகிறார். அடுத்து நாம் தொடுகிறோம். பிறகு அதே கையால் ரொட்டியை எடுத்து உண்கிறோம். அவ்வளவுதான்! 2014 ஜனவரியில் கரீபியக் கடலில் சென்ற ஒரு கப்பலில் அறுநூறுக்கும் மேற்பட்ட பயணியர் நோயுற்றதால், அது பயணத்தைக் குறைத்துக்கொண்டு நியூ ஜெர்சிக்குத் திரும்ப நேர்ந்தது. ஆயினும் கப்பலின்மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் தொற்றுப் பரவல்களில் கப்பல்களில் நிகழ்பவை நூற்றுக்கு ஒன்று அளவே என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. கப்பலில் நோயாளிகளை ஒருவர் விடாமல் கணக்கெடுக்கிறார்கள். அதனால் அது செய்தியாகிறது.

இனி, பலரும் அறியாத ஒன்றைச் சொல்கிறோம். புட்டியில் இருக்கும் சானிடைசர் எல்லாக் கிருமிகளையும் ஒன்றுபோல் கொல்வதில்லை! அதிலுள்ள முக்கியப் பொருள் ஆல்கஹால். நூற்றுக்கு அறுபது பங்காவது ஆல்கஹால் இருந்தால்தான் அதனால் பயன் உண்டு. கொரோனா போன்ற வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. ஆல்கஹால் பட்டதும் அவ்வுறை சிதைந்து கிருமி அழிகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் தனிமைப்படுத்தப்பட்டு நின்றதும், அதிலிருந்த 3,711 பேரில் எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நோரோ வைரஸுக்கு அந்தக் கொழுப்புறை இல்லை. ஆதலால் ஆல்கஹால் அதனிடம் சரியாகப் பலிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும் அதைக் கொல்ல முயல்வதே இல்லை. தோலிலிருந்து பெயர்த்து, நீரோடு அனுப்பிவிடுகின்றன. இருபது வரை நிதானமாக எண்ணும் நேரம் தேய்த்துக் கழுவினால் போதும். சானிடைசர் உதவிக்கு வரும் தங்கை, சோப்பே மூத்தவள்.

இங்கேதான் மோதிரம் குறுக்கே நிற்கிறது. மோதிரத்துக்கு அடியிலுள்ள தோல் எப்பொழுதும் ஈரமாக இருக்கும்; சோப்புநுரை அங்கே எளிதில் எட்டாது; கல் பதித்த இடுக்குகளிலோ மாவும் மசாலையும்கூடத் தங்கிவிடும். மருத்துவப் பணியாளர் பணிநேரத்தில் மோதிரம் அணிவதை உலக சுகாதார நிறுவனம் தன் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டியில் வேண்டாமென்றே சொல்லியிருக்கிறது. கரண்டியாலும் முள்கரண்டியாலும் உண்பவர்களைவிட, கையால் பிசைந்து உண்டு, அதே கையால் குழந்தைக்கும் ஊட்டுகிற நமக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் அல்லவா?

சரி, நகைக்கு உண்மையிலேயே கேடு உண்டா? நகைக்கு நகை மாறுபடும். நம் ஊரின் 22 காரட் தங்கத்தில், அதாவது 916 முத்திரை இட்ட தங்கத்தில், நூற்றுக்கு 91.6 பங்கு பொன் இருக்கிறது. ஆல்கஹால் பொன்னோடு வினைபுரிவதில்லை. வைரத்துக்கும் ஒன்றும் ஆகாது; சானிடைசரில் கலந்துள்ள பசைப்பொருள் மேலே படிந்து மங்கலாக்கும், கழுவினால் போய்விடும். முலாம் பூசிய நகையை அடிக்கடி தேய்த்தால் முலாம் தேயும். உண்மையில் அஞ்ச வேண்டியது மென்மையான கற்களுக்காகத்தான். அவற்றுள் முதலிடம் முத்துக்கு.

முத்து கல்லே அன்று. சிப்பிக்குள் உயிர்ப்பொருள் ஒன்று உருவாக்கிய படலங்களின் அடுக்கு. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். அந்த அடுக்குகளைப் பிணைப்பது ஒரு வகைப் புரதம். எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியையின் மேற்பார்வையில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். (முத்துக்கு எங்கே போவது? கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை எடுத்துக்கொண்டோம். அதுவும் கால்சியம் கார்பனேட்டே.) நீர்த்த அமிலத்தில் இட்டவுடன் ‘புஸ்’ஸென்று குமிழிகள் எழுந்தன, அது கரியமில வாயு. சானிடைசரில் இட்ட துண்டிலோ ஒரு குமிழியும் எழவில்லை. “அப்படியானால் முத்துக்கு ஆபத்தில்லை!” என்று நாங்கள் ஆர்ப்பரித்தோம். ஆசிரியை சிரித்தார். ஆல்கஹால் செய்யும் கேடு குமிழியாகத் தெரியாது. பிணைக்கும் புரதத்தை அது சிறிது சிறிதாக உலர்த்தி, முத்தின் ஒளியை மங்கச் செய்யும் என்று விளக்கினார். முத்து மாலையானால் கோத்த பட்டுநூலும் நைந்துபோகும்.

மரகதத்தின் கதை வேறு. இயற்கையிலேயே மரகதத்தில் நுண்ணிய விரிசல்கள் மிகுதி. அவை கண்ணுக்குத் தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டும் பழக்கம் பல காலமாக உண்டு. ஆல்கஹால் பட்டுப்பட்டு அவ்வெண்ணெய் வெளியேறினால், மறைந்திருந்த கீறல்களெல்லாம் தலைகாட்டும். பவளம் முத்தைப் போன்றதே. இப்பொழுது நவரத்தின மோதிரத்தை நினைத்துப் பாருங்கள்! முத்து, பவளம், மரகதம் மூன்றும் ஒரே மோதிரத்தில் குடியிருக்கின்றன. வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் ஒன்றும் ஆகாது என்று துணிந்து கையை நீட்டினால், பக்கத்திலிருக்கும் மூன்று பேர் பாடுபடுவார்கள். உள்ளே அரக்கு நிரப்பிய பழைய நகைகளும் உண்டு; அரக்கு ஆல்கஹாலில் கரையக்கூடியது. பின்புறம் மூடிக் கட்டிய கல்நகையில் நீர் புகுந்தால், வெளியேற வழியின்றிக் கல்லை மங்கச் செய்யும்.

கப்பலின் நீச்சற்குளத்திலும் வெந்நீர்த் தொட்டியிலும் குளோரின் கலந்திருக்கும். இது பொன்னைவிட அதனோடு சேர்த்த மற்ற உலோகங்களைத்தான் தாக்கும். ஆகவே குறைந்த காரட் தங்கத்துக்கும், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்துக்கும் ஆபத்து அதிகம். கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய நகங்கள் நாளடைவில் வெடித்துக் கல் உதிர்ந்துவிடலாம். இதற்கும் மேலாக, குளிர்ந்த நீரில் விரல் சுருங்குகிறது. கரையில் இறுக்கமாக இருந்த மோதிரம் கடல்நீரில் தானாகவே நழுவும். ஆழ்கடலில் விழுந்ததை யாரால் தேட இயலும்?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு இத்தகைய கப்பல் ஒன்றில் சென்றார். அவர் விரலில் தம் தாயார் அணிவித்த முத்து மோதிரம். முப்பது ஆண்டுகளாகக் கழற்றியதே இல்லையாம். பயணத்தின் இரண்டாம் நாள் பக்கத்து அறைக் குழந்தைக்கு வாந்தி கண்டது. பெரியம்மாவோ தம் மூன்று வயதுப் பேரனுக்குத் தினமும் கையால் சோறு பிசைந்து ஊட்டுபவர். மோதிரத்தை நனைக்கக் கூடாதென்று விரல்நுனிகளை மட்டும் கழுவி வந்ததை மருமகள் கவனித்துவிட்டாள். “அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மோதிரத்தோடு பிள்ளைக்கு ஊட்ட வேண்டாம்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னாளாம். பெரியம்மா முகம் வாடிப்போனது. அன்று பகல் பேரனுக்கு ஊட்டவே இல்லை. மாலையில் தாமே குழாயடிக்குப் போய், சோப்பைக் குழைத்துத் தடவி, மெல்ல மெல்லத் திருகி மோதிரத்தைக் கழற்றினார். விரலில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது, பேரன் அதைத் தொட்டுப் பார்த்து “ஆச்சி, இது என்ன?” என்று கேட்டானாம். இதைத் தோழி சொல்லக் கேட்டபோது, எங்களில் சிலர் பெரியம்மாவின் பக்கமும் சிலர் மருமகளின் பக்கமும் நின்று வாதாடினோம். தாய் தந்த பொருளைக் கழற்றுவது எளிதான காரியமா? ஆயினும் நாங்கள் கண்ட முடிவு இதுதான்: கழற்றியதனால் பேரனும் பிழைத்தான், முத்தும் பிழைத்தது. சோப்பு, சானிடைசர் இரண்டுமே முத்துக்கு ஆகாதவையாயிற்றே!

ஆனால் கழற்றியதை எங்கே வைப்பது? நகைகள் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைப்பது மிகவும் தவறு; கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மோதிரம் உருண்டு குழாய்க்குள் போய்விடும். காகிதக் கைக்குட்டையில் சுற்றி மேசைமீது வைத்தால், குப்பையென்று ஊழியர் வாரிச்சென்றுவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. உள்ளே பல்விசை உள்ள சிறு துணிப்பையில் இட்டுக் கைப்பைக்குள் வைக்கலாம். கப்பல் அறைகளில் எண்பூட்டுள்ள பாதுகாப்புப் பெட்டகம் இருக்கும். அதில் வைப்பது இன்னும் நல்லது. கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வதும் உண்டு. சங்கிலியின் கொக்கி உறுதியாக இருக்க வேண்டும். தாலியும் தோடும் கைகழுவலுக்கு இடையூறு செய்வதில்லையாதலால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். நீச்சற்குளத்தில் இறங்கும்போது மட்டும் கல்தோட்டைக் கழற்றிவிடலாம்.

எங்களைக் கேட்டால், முத்தும் மரகதமும் வீட்டிலேயோ வங்கியிலேயோ இருக்கட்டும். கல் வைக்காத ஒரு மெல்லிய தங்க மோதிரத்தோடு கப்பலேறுவதே மேல் என்போம். அதையும் கைகழுவும்போது கழற்றி, கை நன்றாக உலர்ந்தபின் அணிந்தால் போதும். எடுத்துச் செல்லத்தான் வேண்டுமென்றால், புறப்படுமுன் ஒவ்வொரு நகையையும் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அடையாளம் சொல்ல உதவும்.

ஊர் திரும்பியதும் தங்க, வைர நகைகளை வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்சோப்புக் கலந்து, மெல்லிய பல்துலக்கியால் தேய்த்துத் துடைக்கலாம். முத்தை அப்படிச் செய்யலாகாது. ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்தி, மெல்லிய துணியில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். வைரத்தோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும். கடினத்தன்மையின் மோஸ் அளவில் வைரத்துக்குப் பத்து. முத்துக்கோ இரண்டரையிலிருந்து நாலரைக்குள்தான். கல் வைத்த மோதிரமானால், ஆசாரியிடம் ஒரு முறை காட்டிக் கல் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தால், தளர்ந்த கல்லின் சத்தம் நமக்கே கேட்கும்.